மூணு லேயர்

"ஏய் கவியா, எறங்கி ஓடியாடி! உங்கப்பா ஹேமலதா டீச்சரோட சண்ட போட்டுக்கிட்டு இருக்காரு. கையெழுத்தே போட மாட்டேன்னு ஃபாரத்தத் தூக்கி எறிஞ்சிட்டாரு!"

தோழி வளர்மதி சொல்லி முடிப்பதற்குள் கவியா விடுதிப் படிகளில் பாதி இறங்கியிருந்தாள். இமயமலை டிரெக்கிங்குக்குப் பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். ஓடவிட்டு, குதிக்கவிட்டு, முதுகுச் சுமையோடு பச்சமலையில் ஏறவிட்டுப் பொறுக்கியதில் பெரம்பலூரிலிருந்து தேறியவர்கள் பன்னிரண்டு பேர். ஐந்து மணிக்குள் அப்பா கையெழுத்துப் போடாவிட்டால் அவள் இடம் பதின்மூன்றாவது பெண்ணுக்குப் போய்விடும்.

அப்பா அய்யாக்கண்ணு அரியலூர் பக்கம் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. விடுதியில் இருக்கும் கவியாவுக்கு அப்பாவோடு பேச்செல்லாம் போனில்தான். நேற்றும் அப்படித்தான் சொன்னாள்.

"மலைக்குப் போறதுக்கு ஆளுக்கு மூணு லேயர் கேக்குறாங்கப்பா. வெயிட் கம்மியா இருக்கணுமாம். எறகு உள்ளதா இருந்தா ரொம்ப நல்லதாம்."

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். "மூணா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதற்கு மேல் விளக்க அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. டீச்சர் இதற்கென்றே ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தார். லேயர் என்றால் அடுக்கடுக்காகப் போடும் சட்டை: வேர்வையை வாங்க உடம்போடு ஒட்டி ஒன்று, சூட்டைப் பிடித்து வைக்க நடுவில் ஒன்று, காற்றையும் மழையையும் தடுக்க மேலே ஒன்று. பருத்தி பனியன் கூடவே கூடாது, நனைந்தால் காயாது. வாத்து இறகு அடைத்த சட்டை என்றால் சுருட்டி ஒரு சொம்புக்குள் அடக்கிவிடலாம். அம்மா ஆசையாக எடுத்து வைத்திருந்த கம்பளிப் போர்வையோ, அதுவே தனிச் சுமை.

டீச்சர் அறைக்கு வெளியே பெண்கள் கூடி நின்றார்கள். விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஒண்ணு கேட்டிருந்தா யோசிக்காம குடுத்திருப்பேன் டீச்சர். மூணு! படிக்கிற புள்ளைங்கட்ட இப்படிக் கேக்கலாமா?"

டீச்சரின் முகமும் சிவந்திருந்தது. "எனக்கா கேட்டேன்? உங்க பொண்ணுக்குத்தாங்க கேட்டேன். நாலு நாள் பனியில நடக்கணும். அது இல்லாம எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"புள்ளைக்குன்னு ஒரு பேரு! பன்னெண்டு பேரு, ஆளுக்கு மூணு. முப்பத்தாறு ஆச்சு. முப்பத்தாறும் மலைக்குத்தான் போவுதுன்னு நான் நம்பணும்?"

"அப்ப நான் எடுத்து வித்துருவேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. நீங்களே சொல்றீங்க."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கவியாவுக்குக் காது மடல் கொதித்தது.

"அப்பா, வெளிய வாங்கப்பா. டீச்சர் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. குளுருக்கு அது வேணும்பா."

"குளுருக்கு எதமா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வெயிட் கம்மியா வேணுமாம். எறகோட வேணுமாம். என்ன அதிகாரம் பாரு!"

"கம்மியா இருந்தாத்தாங்க தூக்கிட்டு ஏற முடியும்," டீச்சர் மேசையைத் தட்டினார். "கனமானதக் கொண்டாந்தா யாரு சொமக்கறது? நீங்க வருவீங்களா?"

"கேட்டியா கண்ணு! சொமக்கறதும் நீதானாம்!" அப்பாவின் குரல் வராந்தா வரைக்கும் போயிற்று. "திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்கல்ல? அப்படியே எழுதிக் குடுத்துர்றேன்."

"தாராளமாக் குடுங்க. கையெழுத்து இல்லாட்டி கவியா இங்கயே இருக்கட்டும்." டீச்சர் பெயர்ப் பட்டியலை இழுத்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

அதைப் பார்த்ததும் கவியாவுக்குப் பயமெல்லாம் போய் ஆத்திரம்தான் வந்தது.

"போதும்பா! ஆறு மாசமா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஓடுறேன். மணல் மூட்டையக் கட்டிக்கிட்டு மலை ஏறுறேன். ஒங்களால முடியலன்னா முடியலன்னு போன்லயே சொல்லியிருக்கலாம்ல? எல்லாரு முன்னாடியும் இப்படி அசிங்கப்படுத்தணுமா? அவங்க என்ன, அவங்க வூட்டுக்கா கேட்டாங்க?"

அப்பா அவளையும் அவள் கால்களில் காய்ந்திருந்த முள் கீறல்களையும் பார்த்தார்.

"முடியலன்னு யாரு சொன்னா?" குரல் இறங்கியிருந்தது. "மொதலாளி கால்ல விழாத கொறையா நின்னு வாங்கிக்கிட்டுத்தான் வந்தேன். நீ மலை ஏறறதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அநியாயத்த அநியாயம்னு சொல்லித்தான் ஆவணும்."

கீழே கிடந்த ஃபாரத்தை எடுத்துத் தட்டி, கையெழுத்தைப் போட்டார். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதத்திலேயே அப்பாவை முதலாளியிடம் கையேந்த வைத்துவிட்டோமே என்று கவியாவுக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா வெளியே மொபெட்டுக்குப் போய், வலை கட்டிய கூடை ஒன்றைத் தூக்கி வந்து டீச்சர் மேசையின் மேல் வைத்தார். உள்ளேயிருந்து மூன்று முட்டைக்கோழிகள் கழுத்தை நீட்டிக் கொக்கரித்தன.

"எங்க கோழிப்பண்ணையிலயே எடை கம்மியாப் பாத்துப் புடிச்ச முட்ட போடுற லேயரு, ஒரு எறகுகூட உதுரல," என்றவர், மகள் பக்கம் குனிந்து தணிந்த குரலில் கேட்டார்: "எல்லாஞ்செரி கண்ணு, இதுங்க அந்தக் குளுரத் தாங்குமா?"