வாசிக்காமல் விட்ட ஸ்வரம்

அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் அவன் வாசிக்கவே இல்லை.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் பாடகியம்மா மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திரு அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்தபடி.

"பார்க்கட்டும். எனக்கு எழுந்திருக்க மனசு வரலை."

நாற்பது வாத்தியம், எட்டுப் பாடகர்கள் என்று ஒரு மேடை கொள்ளாத ஆப்பரா அது, முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். அதை அப்படியே ஒற்றைப் பியானோவில் இறக்கி வைத்திருந்தான் அந்தப் பியானோக்காரன். இடது கையில் இடி இடித்தது. வலது கையில் கதாநாயகியும் காதலனும் சண்டை போட்டார்கள். நடுவில் ஊரே திரண்டு கோரஸ் பாடியது. அது எந்த விரலிலிருந்து வருகிறதென்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

"மூணாவது கையை எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான்யா!" என்றார் பின்வரிசைக்காரர்.

"நிஜ ஆப்பராவுக்குக் கூட்டிட்டுப் போனா முதல் பாட்டுலயே குறட்டை விடுவீங்க. இன்னிக்கு என்ன, கண்ணை இமைக்கவே இல்லை?" என்றாள் அவர் மனைவி.

பாடகியம்மாவும்தான் இமைக்கவில்லை. பதினோரு வருஷம் அந்தக் கதாநாயகியாக மேடையேறியவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனதோடு பாட்டு நின்றது. கடைசிக் காட்சியில், உயிர் போகிற நேரத்தில், அவள் உச்சிக்குப் போய்த் தொடுகிற ஒரே ஒரு ஸ்வரம். அதை இன்னொரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

ஏறினான், ஏறினான், உச்சிக்கு ஒரு படி கீழே வரை வந்தான். கையைத் தூக்கினான். அப்படியே அந்தரத்தில் நிறுத்தினான். ஒரு மூச்சு நேரம் மௌனம். பிறகு இறங்கிவிட்டான்.

"அந்த மௌனம் இருக்கே... எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு அக்கா!"

"மௌனமா அது? திமிர். எழுதினவனைவிட நான் பெரியவன்ங்கிற திமிர்."

அரங்கத்துக் கமிட்டிக்குப் பாடகியம்மாதான் தலைவி. அடுத்த வருஷத்துக் கச்சேரிப் பட்டியலில் இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பெயரே இந்தப் பியானோக்காரனுடையது. கையெழுத்துக்கு முன்னால் அவனிடம் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று மேடைக்குப் பின்னால் நடந்தார். தங்கை ஓட்டமும் நடையுமாகப் பின்தொடர்ந்தாள்.

அறையில் பியானோக்காரன் ஒரு நடுத்தர வயதுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்கம்மா. உங்க ட்யூனரைத்தான் பாராட்டிட்டிருக்கேன். நான் தொட்ட கட்டையெல்லாம் என்னமாப் பாடிச்சு!"

பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற அந்த ட்யூனருக்கு முகமெல்லாம் பல். "மூணு மாசமா தற்காலிகம்தாம்மா. இன்னிக்கு எப்படி அமையுதுன்னு பார்த்துட்டுத்தான் நிரந்தரம் பண்றதாச் சொல்லியிருக்காங்க. காலையிலயே சார்கிட்ட சொன்னேன், இன்னிக்கு உங்களுக்குக் கச்சேரி, எனக்குப் பரீட்சைன்னு."

பாடகியம்மா அவரைக் கவனிக்கவில்லை. "அந்த உச்சி ஸ்வரம் என்னாச்சு தம்பி?"

பியானோக்காரன் ட்யூனரின் கையை விட்டான்.

"பியானோவுல ஏதாவது கோளாறா?"

ட்யூனரின் பல் மறைந்துவிட்டது.

"சேச்சே, பியானோ தங்கம்" என்றான் பியானோக்காரன். "என் கைதாம்மா. கடைசி நேரத்துல நடுங்கிடுச்சு. தப்பா விழுந்துடுமோன்னு பயந்து விட்டுட்டேன்."

"நடுங்கற கையை நம்பி ஒரு வருஷக் கச்சேரியை எப்படிக் குடுக்கறது?"

"குடுக்க முடியாதுதாம்மா" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

அதற்குமேல் என்ன கேட்பது? பாடகியம்மா வெளியே வந்தார். தங்கை பட்டியலை எடுத்துவர அலுவலகத்துக்குப் போனாள். அரங்கம் காலியாகிவிட்டிருந்தது. மேடையில் பியானோ திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் ட்யூனரின் கருவிப் பை.

அவன் வாசிக்காவிட்டால் என்ன? இவ்வளவு தூரம் வந்ததற்கு நாமே ஒரு தட்டுத் தட்டிக் கேட்டுவிட்டுப் போவோமே என்று மேடையேறி, அந்தக் கட்டையை அழுத்தினார்.

டொக்.

தொண்டை கட்டியவர் இருமியது போல. மறுபடி அழுத்தினார். டொக்.

குனிந்து உள்ளே பார்த்தார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று கம்பி. ஒன்றைச் சுருதி சேர்க்கும்போது மற்ற இரண்டும் ஒலிக்காமலிருக்க ட்யூனர் நடுவே ஒரு ரப்பர் ஆப்பைச் செருகுவார், முடிந்ததும் உருவிவிடுவார். இந்த ஓர் ஆப்பை மட்டும் உருவ மறந்திருக்கிறார்; அது நகர்ந்து மூன்று கம்பியையும் அமுக்கிக்கொண்டிருந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வேகமான ஓட்டத்தில் இதே 'டொக்' கேட்டது பாடகியம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது. அவன் கால் எங்கோ இடித்துவிட்டது என்று நினைத்திருந்தார். அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எழுந்து கையை நீட்டி உருவி எறிய இரண்டு நொடி போதும். ஆனால் எண்ணூறு பேர் பார்த்திருப்பார்கள்.

காலடிச் சத்தம் கேட்டது. பாடகியம்மா சட்டென்று ஆப்பை உருவிக் கருவிப் பைக்குள் போட்டார்.

பியானோ உறையோடு வந்த ட்யூனர் தயங்கி நின்றார். "என்னம்மா... ஏதாவது சரியில்லையா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. மூடிடுங்க. நாளைக்கு வந்து நிரந்தர உத்தரவை வாங்கிக்குங்க."

தங்கை பட்டியலும் பேனாவுமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "அவன் பேரை அடிச்சுடவா அக்கா? கை நடுங்குதுன்னு அவனே ஒத்துக்கிட்டானே."

பாடகியம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"அவர் பேர் இருக்கட்டும். எனக்கு அந்தக் கைதான் வேணும்."