மூன்றாவது கேபிள்

"எஸ்பென், உன் லேப்டாப்பைக் கொண்டா. மூணையும் மாட்டிப் பாத்துடலாம்."

மேசைக்கு அடியிலிருந்து எஸ்பெனின் மனைவி ரிக்கெயின் குரல் வந்தது.

வீட்டில் இருப்பது ஒரே மேசை, ஒரே திரை, ஒரே கீபோர்டு. அதற்கு ரிக்கெயின் ஆபீஸ் லேப்டாப், அவள் படம் வரைகிற சொந்தக் கம்ப்யூட்டர், எஸ்பெனின் ஆபீஸ் லேப்டாப் என்று மூன்றும் போட்டி. கம்ப்யூட்டரைத் திரையோடு இணைக்கிற டாக்கிங் பெட்டியிலோ ஒன்றைப் பிடுங்கினால்தான் இன்னொன்றை மாட்ட முடியும். ஆர்ஹுஸ் நகரத்துக் குளிர்காலம் முழுவதும் அந்த ஒற்றைக் கேபிளுக்குச் சண்டை போட்டே கழிந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்றையும் ஒரே நேரத்தில் மாட்டுகிற மாதிரி போர்ட்டுகளைக் கூட்டித் தருகிற புதுப் பெட்டி ஒன்றை ரிக்கெ வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் சரிதான். எஸ்பெனிடம்தான் லேப்டாப் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் வேலை போன அன்றே ஆபீஸில் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தினமும் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவான், நூலகத்தில் பொழுதைப் போக்கிவிட்டு மாலையில் திரும்புவான். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு அழுகையோடு போயிருக்கும். இப்போது வேலை போனதைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகிவிட்டது. இனி தன்னை எதில் நம்புவாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"ஆபீஸ்லயே வச்சிட்டு வந்துட்டேன்னு நெனைக்கிறேன்," என்றான்.

"வெள்ளிக்கிழமை உன் பையை நான்தானே எடுத்துக் கொக்கியில மாட்டினேன்? நல்ல கனமா இருந்துச்சே."

"இருக்கும். ஆனா சார்ஜ் இல்ல."

"இதுல மாட்டினா தானா ஏறும்."

"வெளிப் பெட்டி எதுலயும் மாட்டக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க."

"அப்படியா? போன மாசம் வரைக்கும் என் கேபிளைப் பிடுங்கிப் போட்டுட்டு மாட்டினப்ப அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

ரிக்கெ தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தாள். முதல் கேபிளை மாட்டினாள், திரை ஒளிர்ந்தது. இரண்டாவதை மாட்டினாள், அதிலும் ஒளிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, தட்டிலேயே வைத்து வெட்டியிருந்த கறுப்பு ரொட்டியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மூன்றாவது கேபிள் மேசை மேல் சும்மா கிடந்தது.

"சரி, நீ அசைய மாட்டே. நானே எடுத்துட்டு வரேன்."

அவள் நடைப்பக்கம் போனாள். பை தொங்கும் கொக்கியும் அங்கேதான் இருந்தது. ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று எஸ்பென் எழுந்தான்.

"ரிக்கெ, பையைத் திறக்காத." அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "அதுல லேப்டாப் இல்ல. வேலை போயிடுச்சு. உன்கிட்ட சொல்லாம மறைச்சிட்டேன்."

நடையில் ஏதோ அலமாரி திறந்து மூடியது. ரிக்கெ திரும்பி வந்தபோது அவள் கையில் பை இல்லை. பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. மூன்றாவது கேபிளை அதில் மாட்டினாள். திரை ஒளிர்ந்தது.

"எங்க அண்ணனோட பழசு. ஒரு வாரமாத் துடைச்சு ரெடியா வச்சிருக்கேன். இந்தப் பெட்டியை வாங்கினதே நீ உக்காந்து வேலை தேடறதுக்குத்தான். நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

எஸ்பெனுக்குக் கண் கலங்கியது. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ரிக்கெ கீறல் விழுந்த தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல போய் அந்தப் பையில கனத்துக்கு வச்சிருக்கியே, ரொட்டி வெட்டற பலகை, அதை எடுத்துட்டு வா. மூணு வாரமாத் தட்டுலயே வெட்டிட்டு இருக்கேன்."