கட்டைவிரல் நகம்

லாஸ் ஏஞ்சல்ஸின் மாலை வெயில் ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடித் தடுப்பில் வழிகிறது. ரியோவிலிருந்து வந்த கித்தார்க்காரன் ஜுவெனல், தந்தி மீட்டும் கட்டைவிரலின் உடைந்த நகத்தின்மேல் பிங்பாங் பந்தில் வெட்டிய துண்டைப் பசை போட்டு அழுத்திப் பிடித்திருக்கிறான். மூன்று நாளாக எங்கள் ஜாஸ் அவனுடைய பிரேசில் சாம்பா இசையை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. இன்றும் பதிவு தேறாவிட்டால் திங்கட்கிழமைக் கப்பலில் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "காஞ்சிருச்சாடா?" என்கிறான் சாக்ஸபோன்காரன் வெண்டல். "காயற வரைக்கும் அந்தாளு விடுவானா? ஊது," என்று கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் தயாரிப்பாளரைக் கண்ணால் காட்டுகிறான் ஜுவெனல். நைலான் தந்திகளில் தாளம் எழுகிறது. என் டிரம்ஸின் தோலைக் கம்பித் தூரிகையால் தடவிக்கொடுக்கிறேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, வெள்ளைத் துண்டு தெறித்துத் தரையில் ஓடுகிறது. ஜுவெனல் நிறுத்தவில்லை. வெறும் சதையால் மீட்டுகிறான். ஒலி பஞ்சுக்குள் விழுந்ததுபோல் அமுங்குகிறது. கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கையைத் தூக்குகிறார். அது இறங்கினால் பதிவு நின்றுவிடும். வெண்டல் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சாக்ஸபோனின் அகன்ற வாயைத் தன் கோட்டில் புதைத்து, தூங்குகிறவன் மூச்சுபோல, கித்தாருக்கும் கீழே இறங்கி ஊதுகிறான். என் தூரிகைகள் தாமாகவே தோலை விட்டு எழுந்துவிடுகின்றன; அமுங்கிய கித்தார் இப்போதுதான் கேட்கிறது. ஜுவெனல் கண்களை இறுக மூடியிருக்கிறான். தயாரிப்பாளர் தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.