கத்தியின் இடத்தில் பசை

“உங்க இடத்துல இப்போ யார் உட்கார்ந்திருக்காங்க தெரியுமா?”

கத்தியின் லீவ் லெட்டரை அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

கத்தி கையில் பாதி மாத்திரைகளோடு நிமிர்ந்தார். காகிதம் வெட்டும் மிஷினைப் பதினாறு வருஷம் ஓட்டியதில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய், முழுசாகக் குணமாகிற வரை வேலை கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

“யாரு?”

“பசை.”

பைண்டிங்கில் புத்தக முதுகுக்குப் பசை தடவுகிறவர். அதே பதினாறு வருஷக் கூட்டாளி. மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சுதான்.

“அவனா?”

“அவரேதான். கேட்டு வாங்கியிருக்காராம். மூணு மாசம் ஆளில்லாம கிடந்தா இடம் போயிடும்னு தெரிஞ்சுதான் முதல் ஆளா போய் உட்கார்ந்துட்டார். பசைன்னு பேர் வச்சது சும்மாவா?”

கத்தி மீதி மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார்.

மாத்திரை இலவசம்தான். மற்றது எதுவும் இலவசமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ். பாலும் முட்டையும் சாப்பிடச் சொன்னார் டாக்டர். சொல்வது சுலபம். கண்ணுக்கு ஒரு டெஸ்ட், இதயத்துக்கு ஒரு டெஸ்ட். ஆஸ்பத்திரி மிஷின் ரிப்பேர், வெளியே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள். சம்பளம் நின்றது. இரண்டு அறை வீட்டை விட்டு ஒற்றை அறைக்கு வந்தார்கள். மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலைக்குப் போனாள். மகள், தனக்கு டியூஷன் தேவையே இல்லை என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

மருந்தில் கத்தியின் தோல் கறுத்துப்போனது. தெரிந்தவர்கள்கூடத் தெருவில் அடையாளம் தெரியாத மாதிரி போனார்கள். சிலருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

நாலாவது மாதம் ஒருநாள் அவர் மாத்திரைகளைத் தள்ளி வைத்தார்.

“என்னால முடியலை. வயித்துல எதுவும் நிக்க மாட்டேங்குது. இருமல்தான் நின்னுடுச்சே. விட்டுட்டு எங்கயாவது வேலைக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் படற பாட்டைப் பார்க்க முடியலை.”

மனைவி சண்டை போடவில்லை, அழவும் இல்லை.

“விடுங்க. பசைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்.”

கத்தி அவளை ஒரு பார்வை பார்த்தார். டம்ளரை எடுத்தார். மொத்தத்தையும் விழுங்கினார்.

அன்றிலிருந்து அதுவே மருந்துக்கு மருந்தானது. குமட்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘அவனை அங்கேயிருந்து எழுப்பிட்டுத்தான் மறுவேலை’ என்பார். மாத்திரை உள்ளே போய்விடும். அந்தப் பசையும் ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு வருவான்?

ஒன்பது மாதம் முடிந்தது. “முழுசா குணமாயிடுச்சு. இனி யாருக்கும் பரவாது. தாராளமா வேலைக்குப் போங்க,” என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தோடு கத்தி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக அச்சகம்.

“என் இடம் எனக்கு வேணும் சார்.”

மேனேஜர் எதிரே நின்று சொன்னார். சட்டம், நியாயம், பதினாறு வருஷ உழைப்பு என்று பேச வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

மேனேஜர் சர்டிபிகேட்டைப் படித்தார். “நாளைக்குக் காலையில வந்துடுங்க. உங்க இடம்தானே.”

ஒத்திகை அத்தனையும் வீண்.

“அப்போ... பசை?”

“அவர் உங்களுக்குப் பதிலாளா ஓட்டிக்கிட்டிருந்தார். பதிலாள் இருக்கிற வரைக்கும் இடம் உங்க பேர்லயே நிக்கும். வேற யாரைப் போட்டாலும் மூணாவது மாசம் நிரந்தரம் பண்ணுங்கன்னு வந்து நிப்பாங்க. இவர் கேட்கவே மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டார். நிரந்தரம் பண்ணிடவான்னு நானே ரெண்டு தடவை கேட்டேன். ‘அது கத்தியோட இடம் சார்’னு போயிட்டார்.”

கத்தி மெதுவாக நடந்து மிஷினிடம் போனார்.

பசை அவரைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார். கறுத்துப்போன முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“முடிச்சிட்டியா? ஒருநாள்கூட விடாம?”

“விடலை. ஏன்டா ஒரு வார்த்தை சொல்லலை? ஒன்பது மாசமா உன்னைத் திட்டாத நாளில்லை.”

“சொல்லியிருந்தா, எனக்காக அவன் கஷ்டப்படறானேன்னு பாதி மருந்துல ஓடி வந்திருப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு? வீட்டுப் பக்கம் வந்தா உளறிடுவேன்னுதான் வரவும் இல்லை.”

கத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, நாளைக்கு நீ பைண்டிங்குக்குப் போயிடுவேல்ல? மத்தியானம் பெஞ்சுல பேசிக்கலாம்.”

பசை ஏப்ரனைக் கழற்றி மடித்து ஸ்டூலின் மேல் வைத்தார்.

“பிளேடு புதுசா மாத்தியிருக்கேன். விரலைப் பார்த்துக்க.”

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

“பைண்டிங்ல என் இடமும் மூணு மாசம் ஆளில்லாமத்தானே கிடந்தது.”