மூன்றாவது கணு

அத்தாவை அடக்கிய கபருக்கு மேலே நின்ற மருதாணிச் செடியை யாரோ வெட்டியிருந்தார்கள்.

நேற்றுச் சாயங்காலம் ஃபைஸ் தண்ணீர் ஊற்றியபோது அது முழுசாக இருந்தது. இன்று ஜும்மா தொழுகை முடிந்து அத்தாவுக்கு ஸலாம் சொல்லப் போனபோது பாதிதான் நின்றது.

ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். அம்மாவிடம் எப்படிக் காட்டுவது என்று சித்தூர்க் கடைவீதி முழுக்க யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கம் அந்த ஜமாஅத்தில் இல்லை. அம்மா சௌதா எட்டு மாதமாக அந்தச் செடியைப் படத்தில்தான் பார்க்கிறாள்.

இத்தனைக்கும் அவள் செடிகளைப் பற்றி எழுதுகிறவள். இருபது வருடமாக ஒரு வாரப் பத்திரிகையில், யார் யாருடைய வாடிய ரோஜாவுக்கும் காய்க்காத எலுமிச்சைக்கும் வைத்தியம் சொல்கிறவள்.

கொல்லை மருதாணியில் அவள் ஒடித்துக் கொடுத்த கிளையைத்தான் அடக்கத்தன்று ஃபைஸ் தலைமாட்டில் நட்டான்.

"அது பச்சையா இருக்கற வரைக்கும் உங்கத்தாவுக்குக் கபர்ல வேதனை கொறையும்" என்றாள் அன்றைக்கு.

இதுவரை பள்ளிவாசல் மோதினார் தண்ணீர் ஊற்றினார். இப்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. லீவில் வந்த நாளிலிருந்து ஃபைஸ்தான் குடம் சுமக்கிறான். நாளை விடிகாலை ஷார்ஜாவுக்கு விமானம். மாசிக் காற்று வேறு மண்ணை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இனி யார் ஊற்றுவது என்ற கவலையில் அவனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

சௌதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள்.

"எவனோ எடுபட்டவன் வெட்டிப்போட்டுட்டானும்மா. மோதினாரக் கேட்டா, 'எனக்குக் குனியவே முடியல, இதுல செடி வேற வெட்டறனாக்கும்'ங்கறாரு."

அவள் விரலால் ஒவ்வொரு கிளையாகத் தொட்டு எண்ணினாள்.

"வெட்டிப்போட்டது இல்ல தம்பி. கவாத்து. மூணாவது கணுவுக்கு மேல, ஒரு நெல் நீளம் விட்டு, சரிவா."

அந்த வார்த்தைகளை ஃபைஸ் எங்கோ கேட்டிருந்தான்.

இன்று காலையில்தான்.

ஃபஜ்ர் தொழுதுவிட்டு அம்மா கொல்லையில் நின்று அடுத்த வாரக் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தாள். அரைத்தூக்கத்தில் அவன் காதில் விழுந்தது. 'கோடை உறைக்கும் முன் மருதாணியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மூன்றாவது கணுவுக்கு மேலே, ஒரு நெல் நீளம் விட்டு, சரிவாக.'

எழுதியதை அத்தாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவாள். அத்தா கடை திறக்கப் போகும் முன், மருதாணியோரம் முக்காலியில் உட்கார்ந்து கேட்பார். கேட்டு முடித்ததும் கத்தரியை எடுத்து, சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவார். அவள் எழுதுவாள், அவர் வெட்டுவார்.

முக்காலி இன்னும் அங்கேயேதான் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் இன்றைக்கும் வாசித்தாள்.

கட்டுரை இன்னும் பத்திரிகைக்குப் போகவில்லை. நோட்டு மேசைமேல் இருந்தது.

சௌதா கொல்லையைப் பார்த்தாள். ஃபைஸும் பார்த்தான். வீட்டு மருதாணியில் அத்தாவின் பழைய வெட்டுகள் காய்ந்து கறுத்திருந்தன. அத்தா இடதுகைக்காரர். மற்றவர்கள் வெட்டினால் விழும் சரிவு, அவர் வெட்டினால் எதிர்ப்பக்கமாக விழும்.

ஃபைஸ் இன்னொரு முறை படத்தில் வெட்டுகளின் சரிவைப் பார்த்தான்.

பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

"மூஞ்சியப் பாரு, மூணு நாளா சோறு திங்காம" என்றாள் சௌதா. அவள் குரலில் எட்டு மாதமாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது. "தண்ணிக்கு ஆளிருக்கு. நீ நிம்மதியாப் போயிட்டு வா தம்பி."

அடுத்த கட்டுரை ரோஜாவைப் பற்றி என்று தலைப்பெல்லாம் போட்டு வைத்திருந்தாள். அதை அடித்துவிட்டு, புதுப் பக்கத்தில் நாலு வரி எழுதினாள். நோட்டோடு போய் முக்காலிக்கு எதிரே நின்றாள்.

"கவாத்து செய்த மருதாணிக்குத் தினமும் அந்தியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்."

அத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இன்னொரு தடவை, சத்தமாக வாசித்தாள்.