சிவப்புப் பக்கம்

முதலில் தப்பு செய்தது என் மச்சான், மனைவியின் தம்பி. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் புகுந்து, "மாமாகிட்டயா கேக்குறீங்க? அவருக்குச் சோத்துக்கையும் பீச்சாங்கையும் ஒண்ணுதான்" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

அவன் சொன்னது நிஜம்தான். இடது வலது எனக்கு இன்றும் குழம்பும். அதற்காக?

போன மாதம் ஒரு மொட்டை மாடியில் குழாய் மாட்டும்போது பார்த்தேன். பக்கத்து மைதானத்தில் ஒருவர் ரிமோட்டில் குட்டி விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். எப்படித் திரும்புகிறது, எப்படி விழாமல் நிற்கிறது? இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. நாமும் ஒன்று வாங்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, ஊரில் இதை விற்கும் ஒரே கடைக்குப் போனேன். ஜெட் மாதிரி இருந்ததன் விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் உள்ளே போய், விலை குறைந்த ஒன்றைக் கொண்டுவந்தார். பாகம் பாகமாக இருக்கும். நாமே ஒட்ட வேண்டும். இறக்கை முதுகுக்கு மேலே. அப்படி இருந்தால் சாய்ந்தாலும் தானே நிமிருமாம். உடம்பு தெர்மாகோல் மாதிரி. உடைந்தால் பசை போதும்.

என் பயம் வேறு. "நம்மைப் பார்த்து வரும்போது இடது வலது மாறிடுமே?"

"மாறும். நிறைய பேர் அங்கதான் கீழ போடுவாங்க."

ஒரு இறக்கை சிவப்பு, மற்றது நீலம். ரிமோட் குச்சிக்கு இரண்டு பக்கமும் அதே நிறங்கள்.

"இடது வலதை மறந்துடுங்க. சிவப்பு இறக்கைப் பக்கம் திரும்பணுமா, குச்சியைச் சிவப்புக்குத் தள்ளுங்க. எப்படி வந்தாலும் இதே."

ஒட்ட நாலு நாள் ஆனது. மைதானத்தில் முதல் தடவையே மூன்று சுற்று சுற்றி இறங்கியது. அங்கே விமானம் ஓட்டும் ஒருவர் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். இந்த மாடல் முழுக்க வெள்ளையாகத்தானே வரும், நிறம் யார் அடித்தது என்றார்.

நேராகக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் மென்று விழுங்கினார்.

"உங்க மச்சான்தான். நீங்க வாங்கப் போறீங்கன்னு அக்கா சொன்னாங்களாம். உங்க போட்டோவைக் காட்டி, இவர் வந்தா இதைக் கொடுங்கன்னார். நாள் முழுக்க உட்கார்ந்து அவரே அடிச்சார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டார்."

வீட்டுக்கு வந்து இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சுத்தமான வேலை. ஒரு சொட்டு வழியவில்லை. ஆனால் சிரிக்க வைத்தது ஊர் முன்னால், நிறம் அடித்தது யாருக்கும் தெரியாமல். அது எப்படிச் சரியாகும்?

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம் இருக்கும். அங்கே வந்து மன்னிப்புக் கேட்கட்டும். ரிமோட்டை அவன் கையிலும் கொடுக்கிறேன். மனைவி மூலம் இதைச் சொல்லியும் அனுப்பிவிட்டேன்.

இன்னும் வரவில்லை.