இந்தப் பக்கம் திரும்பாதீக

“ஜோடி போட்டோ எடுக்குற எடத்துக்கு மாமியார் எதுக்குடா?”

போனில் நண்பன் கேட்டதும் விஜய்ராஜுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. அவனும் அதையேதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் கல்யாணம். பெண் பார்த்தபோது ஒரு தடவை, நிச்சயத்தில் ஒரு தடவை, அதோடு இன்றைக்குத்தான் மாரீஸ்வரியைப் பார்க்கிறான். கூடவே அவள் அம்மா பாண்டியம்மாளும், கையில் ஒரு தூக்குவாளியோடு.

“அப்பா இல்லாத பிள்ளை மாப்ள. ஒத்தையில அனுப்புனா ஊரு நாலு பேசும்” என்று அவள் காரில் ஏறி உட்கார்ந்தபோது மறுக்க முடியவில்லை.

அனுமந்தன்பட்டி திராட்சைத் தோட்டம். மருந்தடித்து இலையெல்லாம் நீலம் பூத்திருந்த பந்தல். பாண்டியம்மாள் எல்லாருக்கும் வாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். போட்டோகிராபர் உமர் பாருக் கேமராவைத் தூக்கினார்.

மாரீஸ்வரி விறைத்துப் போனாள்.

“தங்கச்சி, தோளை எறக்குங்க. ரேசன் கடையில கைரேகை வைக்க நிக்கிறவுக மாதிரியே நிக்கிறீகளே!”

சிரிக்கச் சொன்னால் பல் மட்டும் தெரிந்தது. விஜய்ராஜ் தோளில் கை போட்டால் இன்னும் ஒடுங்கினாள்.

நிச்சயதார்த்தப் போட்டோவிலும் இதே முகம்தான். ‘பொண்ணுக்குச் சம்மதமான்னு கேட்டியாடா?’ என்று நண்பர்கள் ஓட்டியது அவனுக்கு மறக்கவில்லை. உண்மையிலேயே பிடிக்கவில்லையோ?

திரும்பினான். வரப்பில் நின்று பாண்டியம்மாள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, நீங்க இங்கன நின்னா அவ எப்படிச் சிரிப்பா? போயி கார்ல உக்காருங்க.”

கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்துவிட்டது.

“சரிங்க மாப்ள.”

காலி வாளியை எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். அம்மா போவதையே பார்த்த மாரீஸ்வரிக்கு முகம் இன்னும் சுருங்கியது.

உமர் பாருக் கொஞ்ச நேரம் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் பார்த்தார். பிறகு, “அண்ணே, எனக்கு முதுகைக் காட்டி தங்கச்சியப் பாத்து நில்லுங்க. தங்கச்சி, அவரு தோளுக்கு மேல இங்கன பாருங்க” என்றார்.

எங்கோ இலை சரசரத்தது.

“என்ன பாய் சத்தம்?”

“மயிலுண்ணே. நீங்க மட்டும் இந்தப் பக்கம் திரும்பாதீக.”

மாரீஸ்வரிக்கு முதலில் உதடு துடித்தது. அடுத்து கண் விரிந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தவள் விழுந்துவிடாமல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையும் தானாக அவள் முதுகுக்குப் போனது.

“அப்படியே! அப்படியே இருங்க!” கேமரா சடசடவென்று அடித்தது.

காருக்குத் திரும்பும்போது விஜய்ராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“பாத்தீகளா அத்தை? நீங்க போனதுக்கப்புறந்தான் போட்டோ நல்லா வந்துச்சு.”

“அதுதான மாப்ள வேணும்.”

“என்ன சேலையெல்லாம் நீலமா இருக்கு? சீட்டுல ஒட்டிறப் போகுது, பாத்து.”

பாண்டியம்மாள் முந்தானையைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் படம்தான் கல்யாண மண்டப வாசலில் பேனராக நின்றது. அதன்பின் ஆண்டிபட்டி வீட்டுக் கூடத்தில் ஃபிரேமுக்குள் ஏறியது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவான்.

“கண்ணு வேற எங்கயோ பாக்குதேடா?” என்றான் ஒருத்தன்.

“வெக்கம்டா! என் காதோரமா பாக்குறா. மாமியாரக் கார்ல உக்கார வச்சதும் எப்படிச் சிரிக்கிறா பாரு!”

பாண்டியம்மாள் வந்திருக்கும்போதும் இதைச் சொல்வான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். மாரீஸ்வரிதான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மகள் பிறந்தாள். குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். படமெடுக்க அதே உமர் பாருக். காது குத்திய வலியில் பிள்ளை ஊரைக் கூட்டியது.

“ஏ ஆத்தா, அப்பாவப் பாரு! அந்தா மாடு பாரு!”

விஜய்ராஜ் கிலுகிலுப்பையை ஆட்டினான், கை தட்டினான். பிள்ளை இன்னும் உச்சத்தில் கத்தியது.

திடீரென்று அழுகை நின்றது. அடுத்த நொடி கெக்கெக்கே என்று சிரிப்பு. பக்கத்தில் மாரீஸ்வரியும் தோள் குலுங்கச் சிரித்தாள். கூடத்துப் படத்தில் இருக்கும் அதே சிரிப்பு.

விஜய்ராஜ் அவர்கள் பார்த்த பக்கம் பார்த்தான்.

உமர் பாருக்கின் முதுகுக்குப் பின்னால் பாண்டியம்மாள். தூக்குவாளியைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்து, கைப்பிடியைத் தாடைக்கடியில் மாட்டி, கன்னத்தை ஊதி, மாறுகண் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கும் இதே வாளிதாண்ணே” என்றார் உமர் பாருக், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொடிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு வந்து நின்னாக. மயிலுன்னு சொன்னேன்ல?”

விஜய்ராஜ் மாரீஸ்வரியைப் பார்த்தான். அவள் பிள்ளையின் மொட்டையில் சந்தனத்தைச் சரிசெய்தாள்.

“அம்மாதாங்க சொல்ல வேணாம்னுச்சு. ‘மாப்ள சந்தோசமா இருக்காக, அதக் கெடுக்காத’ன்னுச்சு.”

சுருண்டு மடிக்குள் போன அந்த நீல முந்தானை அவனுக்கு ஞாபகம் வந்தது. கல்யாண ஆல்பம், வளைகாப்பு, பிள்ளைக்குப் பேர் வைத்தது, எல்லாப் படத்தையும் மனசுக்குள் புரட்டினான். ஒன்றிலும் பாண்டியம்மாள் இல்லை.

“அத்தை...” கிலுகிலுப்பையைக் கீழே வைத்தான். “இங்கன வாங்க. எங்க கூட வந்து நில்லுங்க.”

வாளியைத் தலையிலிருந்து எடுக்காமலே அவள் சொன்னாள்:

“நான் அங்கன வந்து நின்னுட்டா, நீங்கள்லாம் யாரப் பாத்து மாப்ள சிரிப்பீக?”